ஸ்பீடு பிரேக்கர் கேட்டு மனு வந்தால்…

இந்த முறை உள்ளாட்சிகளில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்களின் கேள்விகள் மட்டும். பதில் சொல்பவர்கள் போக்குவரத்துப் பொறியியலில் பழகியவர்கள்.

மாநகராட்சியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. 'டிராபிக்' என்று எழுதியிருக்கும் எல்லாக் கோப்பும் என் மேசைக்கு வந்துவிடுகிறது. கல்லூரியில் இதை ஒரே ஒரு பேப்பராகப் படித்ததோடு சரி. எங்கே தொடங்குவது?
*– வாசகர், ஈரோடு*

ரோடு யாருடையது என்பதில் தொடங்குங்கள். நம் ஊர் உள்ளாட்சிகளில் 'போக்குவரத்துப் பொறியாளர்' என்று தனிப் பதவி பெரும்பாலும் கிடையாது. ரோடு, வடிகால், தெருவிளக்கு பார்க்கும் உதவிப் பொறியாளரே (ஏ.இ.) இதையும் பார்க்க வேண்டும். மனுவில் 'எங்கள் தெருமுனை' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவார்கள். நேரில் போனால் தெரு மாநகராட்சிக்குச் சொந்தம், அது போய்ச் சேரும் பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், சிக்னல் போலீஸ் கையில், அதை மறைத்து நிற்கும் கம்பம் மின்வாரியத்துடையது. இடம் தெரியாமல் கை வைத்தால் உங்கள் வேகத்தடையை அடுத்த முறை தார் போட வருபவர்கள் பெயர்த்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்பே அதில் யாராவது விழுந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

மிகையாகச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 198ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ரோட்டின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதனால் முதல் வாரத்தில் உங்கள் பகுதி வரைபடத்தை ஒரு பெரிய தாளில் எடுத்து, ரோடுகளுக்குச் சொந்தக்காரர் வாரியாக வண்ணம் கொடுத்து வையுங்கள். கையோடு, ரோட்டுக்கான தர விதிகளை எழுதும் இந்திய சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வெளியீடுகளில் ஆறு போதும்: அறிவிப்புப் பலகைக்கு எண் 67, ரோட்டுக் கோடுகளுக்கு 35, சிக்னலுக்கு 93, வேகத்தடைக்கு 99, நடப்பவர்களுக்கு 103, நகர ரோட்டின் கொள்ளளவுக்கு 106. இவற்றில் சில திருத்தி வெளியாகியுள்ளன. அலுவலக அலமாரியில் இருப்பது பழைய பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் வேகத்தடை கேட்டு 40 கையெழுத்துடன் மனு. கவுன்சிலரும் தினமும் போன் செய்கிறார். போட்டுவிட்டால் என்ன?
*– வாசகி, திண்டுக்கல்*

போடலாம், வேகம்தான் பிரச்சினை என்றால். அதை முதலில் அளந்து பாருங்கள். ரேடார் கருவி இல்லாவிட்டாலும் டேப்பும் ஸ்டாப்வாட்சும் போதும். ரோட்டோரம் 60 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முன்னால் வண்டி இல்லாமல் தன் இஷ்டத்துக்கு வரும் வண்டிகளை மட்டும் எடுங்கள். பின்னால் ஒட்டி வருபவரின் வேகம் முன்னால் போகிறவரின் வேகம்தான். 60-ஐ வினாடியால் வகுத்து 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். 4.8 வினாடி என்றால் 45 கி.மீ.

பலர் 30 மீட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே 2.4 வினாடி எடுக்கும் வண்டிக்குக் கட்டைவிரல் 0.2 வினாடி பிசகினால் 45 என்பது 49 ஆகிவிடும். தூரம் கூடினால் இந்தப் பிசகு பாதியாகும். 100 வண்டிகளை அளந்து, வேகத்தை ஏறுவரிசையில் எழுதி, 85-ஆவது எண்ணைப் பாருங்கள். கோப்பில் போக வேண்டியது அந்த எண். சராசரியை எழுதாதீர்கள். மெதுவாகப் போகும் பத்து மிதிவண்டிகள் அதைக் கீழே இழுத்துவிடும்.

அளந்து பார்த்தால் சில தெருக்களில் வேகம் 25-ஐத் தாண்டியிருக்காது. அங்கே பயம் வருவது முனையில் நிற்கும் வேனாலோ பெட்டிக்கடையாலோ இருக்கும். குழந்தை தெருவில் காலை வைக்கும் வரை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. முனையிலிருந்து 10 மீட்டர் வண்டி நிற்காமல் செய்தாலே வேலை முடிந்துவிடும். வேகத்தடை போட்டால் அந்த வேன் அங்கேயேதான் நிற்கும்.

வேகம் நிஜமாகவே அதிகம் என்றால் அளவு தவறாமல் போடுங்கள். எல்லா வகை வாகனங்களும் 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டுமானால் ஐ.ஆர்.சி. 99-இன் 1988 பதிப்பு சொன்ன வட்ட வடிவத் தடை இது: ரோட்டின் நீளவாக்கில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். தெருக்களில் நாம் பார்ப்பது வேறு. மிஞ்சிய தார்க் கலவையை ஒரு முழ அகலத்தில் குவித்து ரோலரை ஒரு முறை ஓட்டியிருப்பார்கள். அது வேகத்தைக் குறைக்காது. ஓட்டுநர் சடக்கென்று பிரேக் அடிப்பார், பின்னால் வருபவர் மோதுவார், ஆம்புலன்சில் படுத்திருப்பவர் தூக்கிப் போடப்படுவார்.

ஒப்பந்ததாரரிடம் '17 மீட்டர் ஆரம்' என்று சொன்னால் தலையாட்டுவார், வேலை நடக்காது. பிளைவுட்டில் டெம்ப்ளேட் வெட்டிக் கையில் கொடுங்கள். நடுக்கோட்டில் உயரம் 10 செ.மீ.; அங்கிருந்து அரை மீட்டரில் 9.3; ஒரு மீட்டரில் 7.1, ஒன்றரை மீட்டரில் 3.4, 1.85 மீட்டரில் பூஜ்யம். உருட்டி முடித்ததும் சூட்டோடு அதை மேலே வைத்துப் பார்க்கலாம். தார் ஆறிய பிறகு திருத்த முடியாது.

இரண்டு ஓரமும் வடிகால் வரை இழுத்துவிட்டால் முதல் மழைக்கே குளம் கட்டும். தண்ணீர் போக இடம் விட்டால் டூவீலர்காரர் அந்த இடுக்கில் புகுந்து ஓடுவார். கொஞ்சமாக இடம் விட்டு, அதன் முன்னால் ஒரு குட்டைத் தூண் நடுவது நடுவழி. எச்சரிக்கைப் பலகை 40 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும், தடை மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும். பெயின்ட் நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டுப் போகும் அந்த ஓர் இரவில்தான் விபத்து நடக்கும். பலகையும் பெயின்டும் தயாராகும் வரை தார் லாரியை வரச் சொல்லாதீர்கள்.

வாகனக் கணக்கெடுப்பு எடுத்துக் கொடுத்தேன். 'எண்ணிக்கை சரி, பி.சி.யு. தப்பு' என்று உதவிச் செயற்பொறியாளர் (ஏ.இ.இ.) திருப்பி அனுப்பிவிட்டார்.
*– வாசகர், கும்பகோணம்*

பி.சி.யு. என்பது ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்றும் அளவு. டூவீலருக்கு 0.5 போட்டிருப்பீர்கள். ஐ.ஆர்.சி. 106-இல் ஒவ்வொரு வாகனத்துக்கும் இரண்டு மதிப்பு உண்டு. மொத்தப் போக்குவரத்தில் அந்த வகை 5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் ஒன்று, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மற்றொன்று. டூவீலருக்கு 0.5, 0.75. ஆட்டோவுக்கு 1.2, 2.0. பஸ், லாரிக்கு 2.2, 3.7. கார் எப்போதும் 1.

ஒரு மணி நேரத்தில் 900 டூவீலர், 200 கார், 60 ஆட்டோ, 40 சிறிய சரக்கு வண்டி, 30 பஸ் வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,230. டூவீலர் பங்கு 10 சதவீதத்தை எங்கோ தாண்டிவிட்டது, 900-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 675. கார் 200. ஆட்டோ 5 சதவீதத்துக்குள் இருப்பதால் 72. சரக்கு வண்டிக்கு 1.4 வீதம் 56. பஸ் 66. கூட்டினால் 1,069 பி.சி.யு. நீங்கள் 0.5 போட்டிருந்தால் 844-தான் வந்திருக்கும். 2017-இல் வந்த இந்தோ-எச்.சி.எம். என்ற இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டில் மதிப்புகள் வேறு. எந்த நூலின்படி கணக்கிட்டீர்கள் என்பதைத் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

எண்ணிக்கையையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். முகூர்த்த நாள், சந்தை நாள், பள்ளி விடுமுறை கூடாது. உங்கள் ஊரில் மகாமக வருடம் என்றால் சொல்லவே வேண்டாம். 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம், நான்குமுனைச் சந்திப்பில் 12 திருப்பங்களுக்கும் தனித்தனிப் பத்தி. டூவீலர் கூட்டத்தைக் கண்ணால் பார்த்துக் கோடு போட்டு எண்ண முடியாது. பக்கத்துக் கட்டடத்தின் மாடியிலிருந்து வீடியோ எடுத்து, பாதி வேகத்தில் ஓட்டி எண்ணுங்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நெரிசல் நேரத்தில் நிறுத்தக் கோட்டில் நின்று எண்ணினால், அந்தச் சந்திப்பு வெளியே விடும் வண்டிகள்தான் கணக்கில் வரும். வர விரும்பும் வண்டிகள் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு 15 நிமிட முடிவிலும் வரிசையின் வால் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று ஒரு ஆளை வைத்துக் குறித்துக்கொண்டால்தான் உண்மையான தேவை தெரியும்.

சிக்னலில் பச்சை நேரம் போதவில்லை, கூட்டச் சொல்லுங்கள் என்று வியாபாரிகள் சங்கம் கேட்கிறது. கூட்டினால் நெரிசல் குறையுமா?
*– வாசகர், தஞ்சாவூர்*

ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் சிவப்பு கூடும். 1958-இல் வெப்ஸ்டர் தந்த சூத்திரம் இன்றும் கைக்கணக்குக்கு ஏற்றது: மொத்தச் சுற்று நேரம் = (1.5 L + 5) ÷ (1 – Y). L என்பது ஒரு சுற்றில் பச்சை மாறும்போது வீணாகும் வினாடிகள். Y-க்கு, ஒவ்வொரு பேஸிலும், அதாவது ஒவ்வொரு பச்சை முறையிலும், நெரிசல் அதிகமான பக்கத்தில் வரும் பி.சி.யு.வை அந்தப் பக்கம் தொடர்ந்து விடக்கூடிய உச்ச அளவால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அகலம் 5.5 மீட்டருக்கு மேல் என்றால் உச்ச அளவு, ஒரு மீட்டர் அகலத்துக்கு மணிக்கு 525 பி.சி.யு.

மேலே சொன்ன 1,069-ஐயே எடுப்போம். அகலம் 7 மீட்டர், உச்ச அளவு 3,675, விகிதம் 0.29. குறுக்கு ரோட்டில் 880 பி.சி.யு., அகலம் 6 மீட்டர், உச்ச அளவு 3,150, விகிதம் 0.28. Y = 0.57. இரண்டு பேஸுக்கும் சேர்த்து 10 வினாடி வீண் என்றால், 20-ஐ 0.43-ஆல் வகுக்க 47 வருகிறது. 50 வினாடி வைக்கலாம். 10 போக மீதி 40, ஆளுக்கு 20.

இப்போது அந்த 7 மீட்டரில் ஷேர் ஆட்டோக்கள் 2 மீட்டரைப் பிடித்து நிற்கின்றன என்று வையுங்கள். 5 மீட்டருக்கு ஐ.ஆர்.சி. 93 தரும் உச்ச அளவு 2,550. விகிதம் 0.42, Y 0.70, சுற்று நேரம் 67 வினாடி. ஒரு வண்டிகூடக் கூடவில்லை, ஆனால் எல்லோரும் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். நிறுத்தக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்கு ஆட்டோவையும் காரையும் அகற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சங்கத்துக்கு இது பிடிக்காது, நிற்பது அவர்கள் கடைக்கு வந்த வண்டிகள்தான்.

நான்கு பக்கத்துக்கும் தனித்தனிப் பச்சை கொடுத்தால் L 20 ஆகிவிடும். Y 0.8 என்றால் 35-ஐ 0.2-ஆல் வகுக்க 175 வினாடி. 120-க்கு மேல் போனால் பொறுமை இழந்து சிவப்பிலேயே புறப்படுவார்கள். அங்கே வலது திருப்பம் ஒன்றைத் தடுத்து பேஸைக் குறைப்பதுதான் வழி.

கடைசியாக, நடப்பவர்களைச் சரிபாருங்கள். வினாடிக்கு 1.2 மீட்டர் நடை, கூட 7 வினாடி. 14 மீட்டர் ரோட்டைக் கடக்க 19 வினாடி வேண்டும், 20-இல் அடங்குகிறது. 21 மீட்டர் என்றால் 25 வேண்டும், அடங்காது. நடுவில் நின்று போகத் திட்டு கட்டுங்கள். கணக்கை எழுதி, வரைபடத்தோடு போக்குவரத்துக் காவல் அதிகாரிக்கு அனுப்புங்கள். நேரத்தை மாற்றும் சாவி அவரிடம் இருக்கும்.

விபத்து 'கரும்புள்ளி' என்று எதைச் சொல்வது?
*– வாசகி, கடலூர்*

தேசிய நெடுஞ்சாலைக்கான வரையறை: சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் 5, அல்லது மொத்தம் 10 உயிரிழப்புகள். உங்கள் தெருவுக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்தில் விவரம் வாங்கி, எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே மோதியது என்று ஒவ்வொன்றையும் அம்புக்குறியாக வரைந்து, நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். எல்லா அம்புகளும் ஒரே மூலையில் மாலை ஏழு மணிக்குக் குவிந்தால் முதலில் தெருவிளக்கைப் பாருங்கள்.

போன வருடம் போட்ட ஜீப்ரா கோடு ஆறே மாதத்தில் மறைந்துவிட்டது. பெயின்ட் மட்டமா, வேலை மட்டமா?
*– வாசகர், நாகர்கோவில்*

பெரும்பாலும் தடிமன் குறைவு. அல்லது தூசியும் ஈரமும் இருந்த ரோட்டில் ஊற்றியிருப்பார்கள்; உங்கள் ஊர் மழைக்கு இது அடிக்கடி நடக்கும். சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். ஈரத்தின் மேல் ஊற்றினால் நீராவி குமிழ் விட்டு, அப்பளம் போல் உரிந்து வரும். சிமென்ட் ரோடு என்றால் பிரைமர் இல்லாமல் ஒட்டவே ஒட்டாது. கண்ணாடி மணிகளைச் சூட்டோடு தூவாவிட்டால் பகலில் பளிச்சென்று இருக்கும், இரவில் தெரியாது.

தடிமனைப் பிடிக்க, கோடு போடும் வண்டி வரும் பாதையில் ஒரு தகரத் துண்டை வைத்து அதன் மேலும் ஊற்றச் சொல்லி, ஆறியதும் வெர்னியரில் அளந்து பாருங்கள். மூட்டைக் கணக்கும் உண்டு. 2.5 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ இறங்கும். 7 மீட்டர் ரோட்டில் அரை மீட்டர் அகலத்தில் 7 பட்டை, ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம் என்றால் 10.5 சதுர மீட்டர், 52 கிலோவுக்குச் சற்று மேல். 25 கிலோ மூட்டை என்றால் இரண்டு தீர்ந்து மூன்றாவது பிரிந்திருக்க வேண்டும். காலிச் சாக்குகளை எண்ணிவிட்டு எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) எழுதுங்கள்.