அலகில்லாத குருவியும் உங்கள் மகனின் படிப்பும்

அன்புள்ள அக்கா,

"கம்ப்யூட்டர் படி என்றால் பொம்மைக் குருவி திருத்தப் போகிறேன் என்கிறான்" என்று சொல்லும்போதே உங்கள் குரல் உடைந்துவிட்டது. நேற்று உங்கள் மகனோடு ஒரு மணி நேரம் கதைத்தேன். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

பெட்டி மூடி திறந்ததும் எழுந்து, தலையைத் திருப்பி, சிறகடித்துப் பாடும் விசைக்குருவி அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாக்கே-துரோ என்ற சுவிஸ் கடிகாரப் பட்டறை இவற்றால் பேர் வாங்கியது. குருவி பெருவிரல் நுனியளவுதான். பாட்டு அதன் தொண்டையிலிருந்து வருவதில்லை. கீழே ஒரு சின்னத் துருத்தி காற்று ஊத, ஒரே குழலுக்குள் ஒரு தண்டு முன்னும் பின்னும் ஓடிச் சுருதியை மாற்றும்.

திருத்த வரும் குருவிக்குச் சில வேளை கீழ் அலகே இருக்காது. எலும்பில் புதிதாகச் சீவலாம். ஆனால் கொஞ்சம் கனத்துவிட்டால் பாட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும். சீவி, பொருத்திப் பார்த்து, கழற்றித் திரும்பச் சீவ வேண்டும். ஒட்டுவதும், நாளைக்கு இன்னொருவர் கழற்றக்கூடிய பசையால். இறகு போயிருந்தால் சட்டமும் தெரிய வேண்டும்: பழைய குருவிகள் பலவற்றில் இருப்பது ஹம்மிங் பறவை இறகு, அந்த இனங்கள் முழுவதும் காட்டு உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை.

சோறு போடுமா என்று கேட்டீர்கள். குருவியை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். அதனால் முதலில் மணிக்கூட்டுத் தொழிற்பயிற்சி, நாலு வருஷம், சுவிஸ் கூட்டரசுச் சான்றிதழோடு. அது கையில் இருந்தால் ஜூரா மலைப் பக்கக் கடிகாரக் கம்பனிகளில் வேலை தேடலாம். கூடவே மேற்படிப்புக்கு வழிவிடும் தொழில்சார் மத்யூரித்தே சான்றிதழும் எடுக்கட்டும். அப்புறம் நொய்ஷாத்தெல் நகரிலுள்ள ஓத் எக்கோல் ஆர்க் உயர்கல்லூரியில் பழம்பொருள் பாதுகாப்புப் படிப்புக்கு முயலலாம்; மணிக்கூடு, இயந்திரப் பொருட்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. இந்த மலைப்பகுதியின் மணிக்கூட்டுக் கலையையும் இயந்திரக் கலையையும் 2020இல் யுனெஸ்கோ மரபுரிமையாகப் பதிந்தது. ஆகவே நாலு பேரிடம் சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, தொழிற்பயிற்சி ஒப்பந்தம் எழுதுமுன் ஒரு பட்டறையில் நாலைந்து நாள் ஸ்தாஜ், அதாவது வேலை பழகிப் பார்க்கும் பயிற்சி, செய்யட்டும். கண்ணில் லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மூன்று மணி நேரம் பொறுமையாக இருக்க முடிகிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் சங்கிலிக் கொளுக்கியை அவன் நிமிர்த்தியதைக் காட்டினான். வளைந்த தடமே தெரியவில்லை.

சனிக்கிழமை விண்ணப்பக் கடிதம் எழுத வருகிறான். நீங்களும் வாருங்கள் அக்கா.