காங்கோவின் ஆறும் தண்டவாளமும் போரும்: கேள்வி பதில்

கிழக்குக் காங்கோவில் நடக்கும் போரைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பற்றியே இங்கு பேசுகிறேன். ஆற்றின் மறுகரையில் பிராசவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோ குடியரசு வேறு நாடு.

கேள்வி: ஐயா, அமேசானுக்கு அடுத்தபடியாக அதிக நீர் பாயும் ஆறு காங்கோ என்கிறார்கள். அப்படியானால் கடலிலிருந்து கப்பல்கள் நேரே நாட்டின் நடுப்பகுதிக்குப் போகலாமே?

பதில்: போக முடியாது. கின்ஷாசாவுக்கும் மத்தாடித் துறைமுகத்துக்கும் இடையில் ஏறக்குறைய 350 கி.மீ. தொலைவுக்கு ஆறு அருவிகளும் பாறைச் சரிவுகளுமாக இறங்குகிறது. அருவிகளுக்கு மேலே, கின்ஷாசாவிலிருந்து கிசங்கானி வரை சுமார் 1,700 கி.மீ. படகுகள் தடையின்றிச் செல்லும். அருவிகளுக்குக் கீழே, மத்தாடி வரை கடற்கப்பல் வரும். நடுவில் சரக்கை இறக்கி ரயிலிலோ லாரியிலோ ஏற்றியே ஆக வேண்டும். இதற்காக 1890க்கும் 1898க்கும் இடையில் போடப்பட்ட ரயில் பாதை, அதைப் போட்ட தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரை வாங்கியது. 23 லட்சம் சதுர கி.மீ. பரப்புள்ள நாட்டுக்குக் கடற்கரை 40 கி.மீ. அளவுதான் என்பதையும், மத்தாடியில் மிகப் பெரிய கப்பல்கள் அணைய முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள பனானாவில் ஆழ்கடல் துறைமுகம் கட்டும் பணி 2022இல்தான் தொடங்கியது.

கேள்வி: நான் மின்பொறியியல் மாணவன். அந்த அருவிகளில் ஆப்பிரிக்கா முழுமைக்குமே வெளிச்சம் தரும் ஆற்றல் இருக்கிறதாம். பிறகு ஏன் அந்நாட்டு மக்களே இருட்டில் இருக்கிறார்கள்?

பதில்: இங்கா என்னும் இடத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். இந்த ஆற்றுக்கு நிலநடுக்கோட்டின் இரு புறமும் நீர்ப்பிடிப்பு உண்டு. வடக்கில் மழை ஓயும்போது தெற்கில் பெய்வதால் ஆண்டு முழுவதும் பெரிய ஏற்றத்தாழ்வின்றி நீர் வருகிறது. பெருந்தேக்கம் கட்டாமலே மின்சாரம் எடுக்கலாம். அங்கு ஏறத்தாழ 40,000 மெகாவாட் எடுக்க முடியும் என்பது நெடுநாளைய மதிப்பீடு. கட்டப்பட்டவையோ இரண்டு நிலையங்கள்: 1972இல் 351 மெகாவாட் திறனில் முதலாவது, 1982இல் 1,424 மெகாவாட் திறனில் இரண்டாவது. பராமரிப்பு இல்லாமல் அவற்றின் சுழலிகளில் பல ஆண்டுக்கணக்கில் நின்று கிடந்தன.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது அங்கிருந்து புறப்படும் மின்தடம்தான். இங்காவிலிருந்து தென்கிழக்கில் உள்ள கொல்வேசிச் சுரங்கப் பகுதிக்குச் சுமார் 1,700 கி.மீ. நீளத்துக்கு உயர் அழுத்த நேர்மின்னோட்டத் தடம் போட்டார்கள். நேர்மின்னோட்டத் தடத்திலிருந்து வழியில் மின்சாரம் எடுக்க ஒவ்வோர் இடத்திலும் விலையுயர்ந்த மாற்று நிலையம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே வழியில் உள்ள ஊர்களின் தலைக்கு மேல் மின்சாரம் போகிறது. வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறது. 1960இல் பிரிந்துபோய் 1963 வரை தனித்து நின்ற, கொல்வேசி அடங்கிய கட்டங்கா மாகாணத்தின் மின்விசை தலைநகரின் கையில் இருக்க வேண்டும் என்பதே அன்றைய அதிபர் மொபுட்டுவின் அரசின் நோக்கம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. இன்றும் நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம் கிடைக்கிறது.

கேள்வி: அரசுப் படை இருந்தும் கோமா நகரம் எப்படி அவ்வளவு விரைவாக விழுந்தது?

பதில்: 2025 ஜனவரி இறுதியில் கிழக்கு எல்லையில் உள்ள கோமாவும், அடுத்த மாதம் இன்னொரு கிழக்கு நகரமான புக்காவுவும் அரசை எதிர்த்துப் போரிடும் எம்23 என்னும் ஆயுதக் குழுவின் கைக்குப் போயின. 2012 நவம்பரிலும் கோமா சில நாள்கள் அவர்களிடம் இருந்தது. ருவாண்டாப் படைகள் அக்குழுவுக்குத் துணை நிற்கின்றன என்று ஐ.நா. வல்லுநர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். ருவாண்டா அதை மறுக்கிறது. 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைக்குப் பின் அங்கிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வந்ததும், அவர்களிடையே கொலையாளிகளும் கலந்திருந்ததும் இந்தப் பகையின் வேர்.

நிலவியலையும் பாருங்கள். கோமாவிலிருந்து கின்ஷாசா நேர்க்கோட்டில் 1,500 கி.மீ.க்கு மேல், இரண்டையும் இணைக்கும் தொடர்ச்சியான தார்ச் சாலை கிடையாது, இடையில் இருப்பது பெருங்காடு. ருவாண்டாத் தலைநகர் கிகாலியோ நல்ல சாலையில் சில மணி நேரத் தொலைவு. எல்லைக்கோடு கோமாவின் வீதிகளை ஒட்டியே ஓடுகிறது. தலைநகரிலிருந்து ஒரு படைப்பிரிவை அனுப்ப வேண்டுமானால் விமானம்தான் வழி. விமான நிலையம் விழுந்தால் நகரமும் விழுந்ததாகவே கொள்ளலாம். அந்த விமான நிலையமும் நீராகொங்கோ எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 2002இல் எரிமலைக் குழம்பு ஓடுபாதையின் ஒரு பகுதியையே மூடியது.

கேள்வி: ஐ.நா. அமைதிப்படை என்ன செய்துகொண்டிருந்தது?

பதில்: 1999 முதல் அங்கு இருக்கிறது, இந்திய வீரர்கள் கோமா அமைந்துள்ள வடகீவு மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறார்கள். முகாம்களைச் சுற்றித் தஞ்சம் புகுந்தவர்களைக் காப்பாற்றியதும் உண்மை, சாலை எட்டாத ஊர்களில் நடந்த கொலைகளைத் தடுக்க முடியாமல் போனதும் உண்மை. வண்டி போகாத இடத்தில் ரோந்து எப்படிப் போகும்?

கேள்வி: சாலை போட்டால் அமைதி வந்துவிடும் என்கிறீர்களா?

பதில்: இல்லை, அப்படிச் சொல்லவே மாட்டேன். கிழக்கில் சாலை இருக்கும் இடங்களில் ஆயுதக் குழுக்களும், பல வேளைகளில் அரசுப் படையினரும், குறுக்கே கம்பு கட்டி ஒவ்வொரு வண்டியிடமும் சுமைதூக்கியிடமும் காசு பறிக்கிறார்கள். சுரங்கத்தைக் கைப்பற்றுவதைவிட அதற்குப் போகும் வழியைப் பிடித்துக்கொள்வது எளிது. கனிமம் மட்டுமன்றி மரவள்ளிக்கிழங்கு, கரி, சந்தைக்குப் போகும் பெண்ணின் கூடை என எல்லாவற்றிலும் பங்கு கிடைக்கிறது. ஆகவே, சம்பளம் ஒழுங்காகப் பெறும் காவலரும், மக்கள் நம்பும் நீதிமன்றமும் கூடவே வராத சாலை, பறிப்பவனுக்கே முதலில் பயன்படும். ஆனாலும் சாலை வேண்டாம் என்பவரோடு நான் உடன்பட மாட்டேன். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடக்கும் ஊர்களுக்கு அந்த வாதம் பொருந்தாது.

கேள்வி: லொபிட்டோ ரயில் பாதை பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காங்கோவின் தென்கிழக்கிலிருந்து வருகிறது, மின்வண்டி பேட்டரிகளுக்கு அது தேவை. அந்தச் சரக்கின் பெரும்பகுதி லாரிகளில் சாம்பியா வழியாக டர்பன், தாருஸ்ஸலாம் துறைமுகங்களுக்குப் போகிறது. கசும்பலேசா எல்லையில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. அங்கோலாவின் லொபிட்டோவிலிருந்து காங்கோ எல்லை வரை சுமார் 1,300 கி.மீ. நீளமுள்ள பெங்குவெலா ரயில் பாதை உள்நாட்டுப் போரால் 1975 முதல் முடங்கியது. சீன நிறுவனம் அதைச் சீரமைத்தது. இப்போது மேற்கத்திய நிறுவனங்களின் கூட்டமைப்பு 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. நேரம் மிச்சமாகும், அதில் ஐயமில்லை. ஆனால் இதுவும் சுரங்கத்திலிருந்து கடலுக்குப் போகும் தடமே; கிசங்கானியின் மீனையோ கீவுவின் உருளைக்கிழங்கையோ இன்னொரு மாகாணத்துக்குக் கொண்டுபோகும் தடம் அன்று.

கேள்வி: கின்ஷாசாவும் பிராசவில்லும் எதிரெதிரே இருக்கின்றனவே, பாலம் உண்டா?

பதில்: கிடையாது. பல ஆண்டுகளாகத் திட்டம் பேசப்படுகிறது. பாலம் வந்தால் மறுகரை நாட்டின் கடற்கரையில் உள்ள ஆழ்கடல் துறைமுகத்துக்குச் சரக்கு போய்விடும், மத்தாடி நலிந்துவிடும் என்ற அச்சம் கின்ஷாசாத் தரப்பில் இருக்கிறது. அதுவரை இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே மக்கள் படகில்தான் போய் வருகிறார்கள்.