ஒரு பியானோ, நான்கு கைகள்: பிள்ளைகளின் ஜோடி வாசிப்பு விழாவுக்கு என்னென்ன வேண்டும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறோம். 8 முதல் 16 வயது வரை 24 பேர். எல்லாரும் தனியாகவே வாசித்துப் பழகியவர்கள். அவர்களை 12 ஜோடிகளாக்கி ஒருநாள் விழா நடத்த ஆசை. ஆலயத்தை ஒட்டிய ஹாலில் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ ஒன்று உண்டு. எங்களிடம் 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்று இருக்கிறது. எப்போது வைக்கலாம், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஜனவரி கடைசி வாரத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பியானோவின் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். சுருதி ஏறும், அழுத்திய கட்டை எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருதி இறங்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று நோட்ஸ் தாள்களை ஸ்டாண்டில் நிற்கவிடாது. தையில் இந்த மூன்று தொல்லையும் இல்லை, பொங்கல் லீவு ஒத்திகைக்கும் உதவும். பிப்ரவரிக்குத் தள்ளினால் பொதுத்தேர்வுப் பிள்ளைகள் கைக்குக் கிடைக்கமாட்டார்கள்.

அடுத்து டியூனர், அதாவது பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். நவம்பரிலேயே பேசி இரண்டு முறை வரச்சொல்லுங்கள்: ஜனவரி முதல் வாரம் ஒருமுறை, விழாவுக்கு முந்தின நாள் ஒருமுறை. நாள்பட்ட பியானோவில் 200க்கும் மேற்பட்ட கம்பிகளை ஒரே நாளில் முறுக்கி ஏற்றினால், சவுண்ட்போர்டின் (கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) மேல் அழுத்தம் மாறி, முதலில் முறுக்கியவை மறுபடி இறங்கிவிடும். மேடையில் பியானோ நிற்கவேண்டிய இடத்துக்கு முதலிலேயே நகர்த்திவிட்டு, பிறகு டியூன் செய்யுங்கள். சுமார் 200 கிலோ எடை, சின்னச் சக்கரங்கள்; நான்கு ஆள் இல்லாமல் தொடவேண்டாம். ஒட்டுகிற கட்டைக்கு எண்ணெய் விடவே கூடாது. உள்ளே இருப்பது கம்பளித் துணி. எண்ணெய் பட்டால் இன்னும் உப்பும். அதையும் டியூனரிடமே விடுங்கள்.

கம்பிகள் பழசாக இருந்தால், பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றவேண்டாம், அறுந்துவிடும் என்று டியூனர் சொல்லக்கூடும். அவர் பேச்சைக் கேளுங்கள். நான்கு கைகளும் அந்த ஒரே பியானோவில் வாசிக்கும்போது, சுருதி தனக்குள் ஒத்திருந்தாலே போதும்.

இனி ஜோடி சேர்ப்பது. கிரேடு பார்த்துச் சேர்க்காதீர்கள், வேகம் பார்த்துச் சேருங்கள். ஒரே பாடத்தை இருவரையும் தனித்தனியே மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) இல்லாமல் வாசிக்கவைத்தால், யாருடைய நடை யாரோடு ஒத்துப்போகிறது என்பது தெரிந்துவிடும். அண்ணன் தங்கை என்பதற்காக மட்டும் சேர்க்கவேண்டாம். வீட்டுச் சண்டை ஸ்டூல் வரைக்கும் வரும். வலப்பக்கம், மேல் ஸ்தாயியில் வாசிப்பவர் பிரிமோ. இடப்பக்கம் செகண்டோ. தாளம் நிற்பது செகண்டோவின் கையில்தான். அதனால் நிதானமான பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இசையமைப்பாளர் டியாபெல்லியின் ஓபஸ் 149 என்ற நான்கு கைப் பாடத் தொகுப்பு கைகொடுக்கும். அதிலுள்ள 28 பாடங்களிலும் பிரிமோவின் கை ஐந்து ஸ்வரங்களுக்குள்ளேயே இருக்கும். 8 வயதுப் பிள்ளை பிரிமோவும் 15 வயதுப் பிள்ளை செகண்டோவும் வாசிக்கலாம். நடுத்தர ஜோடிக்கு ராவெலின் 'மா மேர் லுவா' தொகுப்பின் முதல் பகுதி நல்லது. 20 பார், அதாவது 20 தாளக்கட்டம்தான், ஆனால் மெல்லிசாக, சேர்ந்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் அதற்கு ஈடில்லை. நண்பர் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்காக ராவெல் எழுதியது அது. 1910இல் பாரிஸில் அதை அரங்கேற்றியவர்களும் சிறுவயதினரே. தேறியவர்களுக்கு ஷூபர்ட்டின் டி. 733 (அவர் படைப்புகளின் பட்டியல் எண்) அணிவகுப்பு இசை. நம் கீர்த்தனை ஒன்றையும் நீங்களே எழுதிச் சேருங்கள்: மெட்டு பிரிமோவுக்கு, ஆதார சுருதியும் தாளக்கட்டும் செகண்டோவுக்கு. கமகம் மிகுந்த மெட்டு வேண்டாம், பியானோவில் அசைவு வராது.

கட்டைவரிசையின் மொத்த அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். ஒரே நீள பெஞ்சில் இருவரை உட்காரவைத்தால் உயரம் ஒத்துவராது, ஒருவர் அசைந்தால் மற்றவரும் அசைவார். உயரம் மாற்றக்கூடிய இரண்டு தனி ஸ்டூல் போடுங்கள். பிரிமோவின் இடக்கையும் செகண்டோவின் வலக்கையும் மோதும் இடங்களை நோட்ஸில் வட்டமிட்டு, யார் கை மேலே, யார் கை கீழே என்று எழுதிவிடுங்கள். ஒரே கட்டையை இருவரும் அடுத்தடுத்து அழுத்த வேண்டியிருந்தால், முந்தினவர் சற்று முன்கூட்டியே விரலை எடுக்கவேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்கு ஒலியே வராது. பிள்ளைகள் இதைத் தன் தவறென்று நினைத்துக் கலங்குவார்கள், காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

பெடல் செகண்டோவுக்கு. கீழ் ஸ்வரம் மாறுகிற நேரம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் பிரிமோவின் மெட்டு குழம்பாமல் இருக்கிறதா என்று காதுகொடுத்தே மிதிக்கவேண்டும். கால் எட்டாத பிள்ளைக்குப் பெடல் இல்லாத பாடமே போதும்.

ஒத்திகைக்கு எட்டு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் தனித்தனியே. தன் பாகத்தை வாசித்துக்கொண்டே மற்றவரின் மெட்டை வாயால் பாடத் தெரிந்த பிறகுதான் சேர்த்து உட்காரவையுங்கள். சேர்ந்தபின் மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் இரு பிள்ளைகளும் அதைக் கேட்பார்களே தவிர, ஒருவரை ஒருவர் கேட்கமாட்டார்கள். தொடக்கத்துக்கு "ஒன், டூ, த்ரீ" வேண்டாம். காருகுறிச்சி அருணாசலம் வாசித்த சீமை இது. இரட்டை நாகஸ்வரத்தில் இரண்டாமவர் முதலாமவரின் மூச்சைப் பார்த்து எடுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிரிமோ எடுக்கப்போகும் வேகத்திலேயே மூச்சை இழுக்க, அதோடு செகண்டோ இறங்கவேண்டும்.

எட்டு பாருக்கு ஒன்றாக நோட்ஸில் அ, ஆ, இ என்று குறியிடுங்கள். தவறியவர் அடுத்த குறிக்குத் தாவிவிட வேண்டும், மற்றவர் நிற்கக்கூடாது. ஒத்திகையின் நடுவே ஒரு பிள்ளையின் கையை நீங்களே தடுத்து நிறுத்தி, மீண்டும் சேரப் பழக்குங்கள். விழாவன்று பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரே பயிற்சி இதுதான்.

டிஜிட்டலையும் அப்ரைட்டையும் சேர்த்து இரண்டு பியானோவாக வாசிக்க ஒன்றிரண்டு ஜோடிகளை மட்டும் விடுங்கள். இரண்டையும் பக்கவாட்டில் திருப்பி, வாசிப்பவர்கள் முகம் பார்க்கும்படி வையுங்கள். டியூனிங் முடிந்ததும் டிஜிட்டலின் மாஸ்டர் டியூனிங்கை அப்ரைட்டின் சுருதிக்கு மாற்றுங்கள். அரை ஸ்வரம் அளவுக்கு இறங்கியிருந்தால் டிரான்ஸ்போஸை (சுருதியை அரை அரை ஸ்வரமாக ஏற்றி இறக்கும் வசதி) மைனஸ் 1இல் வைத்துப் பிறகு நுணுக்கமாகச் சரிசெய்யலாம். எண்களைத் தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள், கரண்டு போனால் பழையபடி மாறிவிடக்கூடும். ஸ்பீக்கருக்கு வயர்தான், புளூடூத் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும். டிஜிட்டலில் நான்கு கை வாசிக்கும் ஜோடி இருந்தால், 'டுயோ' வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கட்டைவரிசையை இரண்டாகப் பிரித்து இரு பாதிக்கும் ஒரே ஸ்தாயியைக் கொடுத்துவிடும்.

ஜோடிக்கு 4 நிமிடம், ஸ்டூல் மாற்ற 2 நிமிடம் என்றால் 12 ஜோடிக்கு 72 நிமிடம். ஆறாவது ஜோடிக்குப் பிறகு இடைவேளை விடுங்கள். மேடைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நோட்ஸைக் கெட்டி அட்டையில் ஒட்டிக் கிளிப் போடுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வைக்கவேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பரிசு இருந்தால் பிரிமோ ஓங்கி அடிக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பணத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரை அழைத்து, மதியத்துக்குமேல் நான்கு ஜோடிக்குத் தலா 15 நிமிடம் எல்லார் முன்னிலையிலும் பாடம் நடத்தச் சொல்லுங்கள். மற்ற எட்டு ஜோடிக்கும் மூன்று வரிக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும். அதில் ஒரு வரியாவது மற்றவரை எங்கே நன்றாகக் கேட்டார்கள், எங்கே கேட்கத் தவறினார்கள் என்று பார் எண்ணோடு இருக்கவேண்டும்.