சும்மாடு

அன்புள்ள ஐயா,

மகனைப் பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் என் கணவர் 'இல்லை' என்று எழுதினார். கேட்டால், "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்கிறார். நல்லவர்தான், விளையாட்டாகச் சொன்னார். நான் சும்மா இருப்பதால்தானே இந்தப் பேச்சு? ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. போகலாமா?

வாசகி, பாலக்கோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்னதைவிட, அதே 'சும்மா'வை நீங்களும் எழுதியதுதான் எனக்குக் கோபமூட்டியது. விளையாட்டு என்று அவருக்கு வக்காலத்து வேறு!

1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். "சம்சாரம் என்ன வேலை?" என்று கேட்டவரிடம், "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்றார் அப்பா. அந்நேரம் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக அம்மா வாசலில் நுழைந்தாள். இறக்கிவைத்துவிட்டு, நனைந்த சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். ஒன்றும் பேசவில்லை.

தெருக்கோடியிலேயே கிணறு இருந்தது. அதை விட்டுவிட்டு முக்கால் மைல் தள்ளியிருந்த தோட்டத்துக் கிணற்றுக்கு நடப்பாள். காலையில் இரண்டு நடை, மாலையில் ஒன்று. பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். "இந்தத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள்" என்பாள். பழுப்புக் கோடு விழுந்திருக்கும். தண்ணீரில் மிகுந்தால் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துப் பார்த்தே எந்தக் கிணறு ஆகாது என்று கண்டுபிடித்தாள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கியது. எங்கள் தெருக் குழாயில் காவிரி வந்தபோது அவள் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. எனக்கும் அக்காவுக்கும் பல்லில் இன்றுவரை ஒரு கறை கிடையாது. இதற்கு என்ன தொழில் என்று எழுதுவார் உங்கள் கணவர்?

2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அது கிடக்கட்டும். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழக அரசுத் திட்டத்தின் விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் முதல்வர் தொடங்கிவைத்தது நம் தொப்பூரில்தான். அதற்கு உதவித்தொகை என்றா பெயர் வைத்தார்கள்? உரிமைத் தொகை என்றார்கள். அரசாங்கத்துக்கே தெரிந்த சொல் உங்கள் வீட்டுக்குள் வரவில்லையே அம்மா.

ஓசூர் வேலை பிடித்திருந்தால் போங்கள், கையில் நாலு காசு சேரட்டும். அதற்கு முன்னால் அந்த விண்ணப்பத்தை எடுங்கள். 'இல்லை' என்று எழுதியதை உங்கள் கணவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள்.