இடப்பக்கமே விழும் தட்டு

கேள்வி: அண்ணா, கனடா மச்சான் போன முறை கொண்டுவந்த டிஸ்க் கொல்ஃப் (தட்டை எறிந்து கூடையில் விழுத்தும் விளையாட்டு) தட்டு, வேகம் 12 டிரைவர், அதாவது தூரத்துக்கு எறியும் வகை. எப்படி எறிந்தாலும் இடப்பக்கம் சரிந்து விழுகிறது. இந்த முறை எதைச் சொல்லிவிடட்டும்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, அந்த டிரைவரை அலுமாரியில் வையுங்கள். அதற்கு வேண்டிய கைவேகம் புதிதாகப் பழகுபவருக்கு வராது. அண்டர்ஸ்டேபல் (எளிதில் திரும்பும்) மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூரத் தட்டு, ஒன்று கேளுங்கள். தட்டுக்கு வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சரிவு என்று நான்கு எண்கள் உண்டு. மூன்றாவதைப் பாருங்கள். அது -2, -3 என்றிருந்தால், வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசி) எறியும்போது தட்டு முதலில் வலப்பக்கம் சாயும். மெதுவாக எறிந்தாலும் ஓரளவு நேராகப் போகும். இன்னோவா கம்பனியின் பாந்தர் 5, 4, -2, 1. ஸ்டிங்ரே 4, 5, -3, 1. நானென்றால் பாந்தர்தான். ஸ்டிங்ரே, கை கொஞ்சம் தேறியதுமே அளவுக்கு மீறி வலப்பக்கம் ஓடும். எடை 170 கிராமுக்குள் இருக்கட்டும். விலை குறைந்த பிளாஸ்டிக்கே போதும், வியர்த்த கையிலும் பிடி நிற்கும்.

அப்புறம், காலிமுகத்திடலில் கடற்காற்றை எதிர்த்து எறிந்துவிட்டுத் தட்டைத் திட்டாதீர்கள். எதிர்காற்றில் இந்த வகை வலப்பக்கம் புரளத்தான் செய்யும். காற்று அடங்கிய விடியற்காலையில், பட்டம் விடும் பிள்ளைகள் வருமுன் போங்கள்.