நாய்க்கு வலிப்பு மாத்திரை: ரத்தத்தில் மருந்து அளவை எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும்?

கேள்வி: லாப்ரடார், வயது 4, எடை 30 கிலோ. வலிப்புக்கு பினோபார்பிட்டோன் 90 மில்லிகிராம் காலையும் இரவும் கொடுக்கிறோம். ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது, வலிப்பு வரவில்லை. ரத்தத்தில் மருந்து அளவு பார்க்கணும் என்கிறார் டாக்டர். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, இப்போது எதற்கு? எடுப்பதானால் எந்த நேரத்தில் எடுக்க வேண்டும்?

பதில்:

நன்றாக இருக்கும்போது எடுத்து வைப்பதுதான் பின்னால் உதவும். வலிப்பு அடங்கியிருந்த நாளில் ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருந்தது என்று தெரிந்தால்தான், ஆறு மாதம் கழித்து நாய் மறுபடி விழுந்து கால் உதறும்போது, மருந்து குறைந்ததால் வந்ததா, மருந்து போதிய அளவு இருந்தும் வந்ததா என்று சொல்ல முடியும். முதலாவதற்கு டோஸ் கூட்ட வேண்டும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வேறொரு மருந்தைச் சேர்க்க வேண்டும். பழைய எண் கையில் இல்லாவிட்டால் இரண்டும் ஊகம்தான்.

மாத்திரையின் மில்லிகிராமை வைத்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணிக்க முடியாது. ஒரே எடை, ஒரே டோஸ் உள்ள இரண்டு நாய்களுக்கு எண் நிறைய வித்தியாசப்படும். பினோபார்பிட்டோன் கல்லீரலில் சிதைகிற மருந்து. அதே மருந்து கல்லீரலைத் தூண்டி, தன்னைச் சிதைக்கும் நொதிகளையும் பெருக்கிவிடுகிறது. அதனால் முதல் சில வாரங்கள் போகப் போக மருந்து உடம்பை விட்டு வேகமாக வெளியேறும். இரண்டாம் வாரத்தில் 24 (ஒரு மி.லி.க்கு மைக்ரோகிராம்) காட்டியது, டோஸை மாற்றாமலே மூன்றாம் மாதத்தில் 19 காட்டலாம். லேப் தப்பாகப் பார்த்துவிட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

தொடங்கிய 14-ம் நாள் முதல் பரிசோதனை. மருந்து ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர 10 முதல் 14 நாள் பிடிக்கும், அதற்கு முன் எடுத்தால் ஏறிக்கொண்டிருக்கும் எண்தான் கிடைக்கும். அப்புறம் 6-ம் வாரம், 3-ம் மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. டோஸை மாற்றினால் அன்றிலிருந்து மறுபடி 14 நாள் கணக்கு. இடையில் வலிப்பு திரும்பினாலும், நாய் பின்னங்கால் தள்ளாடி எப்போதும் தூங்கி வழிந்தாலும் உடனே ஒரு அளவு பார்க்க வேண்டும். ஆனால் முதல் ஓரிரு வாரத் தூக்கமும் தள்ளாட்டமும் பெரும்பாலும் தானாகவே குறையும். பசியும் தாகமும் கூடுவது மட்டும் பல நாய்களுக்கு நிலைத்துவிடும்.

ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்ததும் வீட்டிலேயே அரை மாத்திரை கூட்டிவிட்டு, நாலு நாள் கழித்து ரத்தம் கொடுக்க வருகிறார்கள். அந்த எண் பழைய டோஸுக்கும் சொந்தமில்லை, புதிய டோஸுக்கும் சொந்தமில்லை. முதலில் ரத்தம், அப்புறம் டோஸ்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த மாத்திரைக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று பலரும் கறாராகச் சொல்வார்கள். உங்கள் டோஸ் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம். இந்த அளவில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் பெரும்பாலான நாய்களுக்கு வராது. டோஸ் ஏற ஏற இடைவெளி கூடும். முக்கியம் என்னவென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுப்பது. சுலபமான வழி: காலையில் வெறும் வயிற்றில், மாத்திரை கொடுக்கும் முன். வெறும் வயிறு எதற்கென்றால், நெய்யோ இறைச்சிக் கொழுப்போ தின்ற பிறகு எடுத்த சீரம் (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீர்) பால் மாதிரி வெளுத்து, பரிசோதனைகளைக் குழப்பும். தண்ணீர் குடிக்கலாம். மாத்திரைக்கு முன் என்றால் அன்றைய மாத்திரையை விட்டுவிடுவது என்று அர்த்தம் இல்லை. மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், ரத்தம் எடுத்த கையோடு கொடுத்துவிடுங்கள். தள்ளாட்டத்துக்காகப் பார்ப்பதானால் மட்டும் மாத்திரை கொடுத்து 4 முதல் 8 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்வார்கள், உச்சம் அப்போதுதான்.

இனி ட்யூப். மற்ற எதையும்விட இங்கேதான் கவனம் வேண்டும். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளுக்கு லேப்களில் வழக்கமாக எடுப்பது மஞ்சள் மூடி ட்யூப். அதன் அடியில் ஒரு ஜெல் இருக்கும். இயந்திரத்தில் வைத்துச் சுழற்றியதும் அந்த ஜெல் நடுவில் வந்து சீரத்தையும் சிவப்பணுக்களையும் பிரிக்கும். மற்றப் பரிசோதனைகளுக்கு வசதிதான். ஆனால் பினோபார்பிட்டோனை அந்த ஜெல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் குறைவாக இருந்து, ஜெல்லோடு அதிக நேரம் கிடந்தால் இழப்பு அதிகம். மாலையில் சின்ன ஊர் கிளினிக்கில் எடுத்து, இரவு பஸ்ஸில் நகரத்து லேபுக்குப் போகும் மாதிரிக்கு இதுதான் நடக்கும். ரிப்போர்ட் உள்ளதைவிடக் குறைவாக வரும், டோஸ் தேவையில்லாமல் ஏறும், அடுத்த வாரம் நாய் சுவரில் முட்டும். ஜெல் இல்லாத சிவப்பு மூடி ட்யூபில் 2 முதல் 3 மி.லி. எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் உறைய விட்டு, சுழற்றி, சீரத்தை மட்டும் தனிக் குப்பிக்கு மாற்றி, குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும். ரத்த அணுக்கள் எண்ணிக்கைக்கு ஊதா மூடி ட்யூப் தனி.

கால்நடை லேப் பக்கத்தில் இல்லையென்றால் மனிதர்களுக்கான பெரிய லேப்களில் இதே பரிசோதனை உண்டு, மருந்து ஒன்றுதான். படிவத்தில் நாய் என்று எழுதி, எடை, ஒரு வேளை டோஸ், கடைசி மாத்திரை கொடுத்த மணி, கூடவே கொடுக்கும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் குறியுங்கள்.

ரிப்போர்ட்டில் மருந்து இருக்க வேண்டிய வரம்பு ஒரு மி.லி.க்கு 15 முதல் 40 மைக்ரோகிராம் என்று இருக்கும். நாய்க்கு அந்த மேல் எல்லையை நம்ப வேண்டாம். 35-ஐத் தாண்டினால் கல்லீரல் கெடும் அபாயம் கூடுகிறது. வலிப்பு அடங்காத நாய்க்கு 25 முதல் 30 வரை குறி வைப்பது வழக்கம். வலிப்பே இல்லாமல் 18-இல் இருக்கும் நாயை எண்ணுக்காக 25-க்கு ஏற்றத் தேவையில்லை. அலகையும் பாருங்கள். சில லேப்கள் மைக்ரோமோல் கணக்கில் தரும், அதை 4.3-ஆல் வகுக்க வேண்டும். 100 என்று பார்த்துப் பதறினால், அது உண்மையில் 23.

டோஸ் மாற்றும் கணக்கு எளிது: வேண்டிய அளவை இப்போதைய அளவால் வகுத்து, இப்போதைய ஒரு நாள் டோஸால் பெருக்க வேண்டும். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம். ரிப்போர்ட் 18 என்று வந்து, வலிப்பும் நிற்கவில்லை, 25 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-ஐ 18-ஆல் வகுத்து 180-ஆல் பெருக்கினால் 250. மாத்திரை 30, 60 மில்லிகிராமில் கிடைப்பதால், வேளைக்கு 60 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆக 240. எதிர்பார்க்கும் எண் 24. இந்தக் கணக்கை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் நீங்களும் போட்டுப் பார்த்தால் மாத்திரைச் சீட்டில் எழுத்துப் பிழை இருந்தால் பிடித்துவிடலாம்.

எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் முதலில் சோபாவுக்கு அடியில் பாருங்கள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, ஆள் நகர்ந்ததும் துப்பும் நாய்கள் உண்டு. விட்டுப்போன வேளை, வாந்தி, கூடிய எடை, ஜெல் ட்யூப், எல்லாவற்றையும் தள்ளிய பிறகுதான் டோஸ். அதிகமாக வந்தால் கல்லீரலையும், புதிதாகச் சேர்ந்த மருந்துகளையும் சந்தேகப்பட வேண்டும். குளோராம்பெனிகால் (ஆன்டிபயாடிக்), கீட்டோகோனசோல் (பூஞ்சை மருந்து) போன்றவை பினோபார்பிட்டோனைச் சிதைய விடாமல் தேக்கும். தோல் பூஞ்சைக்கு வேறொரு டாக்டரிடம் போகும்போது வலிப்பு மாத்திரையைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஆறு மாதப் பரிசோதனையில் மருந்து அளவோடு கல்லீரலையும் பாருங்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற கல்லீரல் நொதி மட்டும் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் நொதி தூண்டப்பட்டதன் விளைவு, உடனே பயப்பட வேண்டியதில்லை. எஸ்ஜிபிடியும் (கல்லீரல் செல்கள் சேதமானால் ஏறும் நொதி) ஏறி, ஆல்புமினும் யூரியாவும் இறங்கினால், கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பித்த அமிலப் பரிசோதனை தேவை. முதல் சில மாதங்களில் அபூர்வமாக வெள்ளை அணுக்களோ தட்டணுக்களோ சரியும். மருந்து அளவு சரியாக இருந்தாலும் இது வரலாம் என்பதால்தான் ஊதா ட்யூப். தைராய்டு ஹார்மோனான டி4-உம் இந்த மருந்தால் குறைவாகக் காட்டும், அதை மட்டும் பார்த்துத் தைராய்டு மாத்திரை தொடங்கக் கூடாது.

பின்னால் இன்னொரு வலிப்பு மருந்தான பொட்டாசியம் புரோமைடு சேர்த்தால் கணக்கே வேறு. அது கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியாக, மிக மெதுவாகப் போகும். நிலைக்கு வரவே சுமார் மூன்று மாதம். ரத்தம் எடுக்கும் மணி முக்கியமில்லை. பினோபார்பிட்டோனோடு சேர்த்துக் கொடுக்கும்போது ரத்தத்தில் இருக்க வேண்டியது லிட்டருக்கு 1000 முதல் 2000 மில்லிகிராம், தனியாகக் கொடுத்தால் 2000 முதல் 3000. இதற்கு எதிரி உப்பு. உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடையும் சேர்த்து வெளியே தள்ளும். ஒரு வாரம் கருவாட்டுக் குழம்புச் சோறு போட்டாலோ, கடற்கரையில் உப்புத் தண்ணீரைக் குடித்தாலோ அளவு இறங்கி வலிப்பு திரும்பலாம். உப்பை அடியோடு குறைத்தால் எதிர்மாறாக ஏறி மயங்கும். கூடாதென்பது உப்பல்ல, நாளுக்கு நாள் மாறும் உப்பு. இந்த நாய்களின் ரிப்போர்ட்டில் குளோரைடு பொய்யாக அதிகம் காட்டும், கருவி புரோமைடையும் குளோரைடாக எண்ணிவிடுகிறது.

எந்த எண் வந்தாலும், பினோபார்பிட்டோனை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வரும் வலிப்பு, முன்பு இருந்ததைவிட மோசமாக இருக்கும். 5 நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்புக்கும், 24 மணி நேரத்தில் இரண்டு முறை வந்த வலிப்புக்கும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே மருந்து ஏற்றும் முன் ஒரு சிவப்பு மூடி ட்யூப் எடுத்து வைக்கச் சொன்னால், மறுநாள் டாக்டருக்கு வேலை பாதி குறையும்.