சரவிளக்கு சரி, அறை எப்படி?

கேள்வி: நகரின் மையப் பகுதியில் நூறு வயது தாண்டிய ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்க நானும் மனைவியும் ஆசைப்படுகிறோம். பளிங்குப் படிக்கட்டு, சரவிளக்கு என்று படங்கள் ஆளை மயக்குகின்றன. ஆனால் ஒரே இரவுக்கு நாலு விதக் கட்டணம் காட்டுகிறார்கள். இருப்பதிலேயே குறைந்ததை எடுக்கலாமா?

பதில்: படிக்கட்டும் சரவிளக்கும் எந்த அறை எடுத்தாலும் உண்டு. சொல்லப்போனால், அறையே எடுக்காமல் லவுஞ்சில் ஒரு காபி குடித்தாலும் பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட ஹோட்டல்கள் பலவற்றில் வெளியாருக்கும் அனுமதி உண்டு. நீங்கள் காசு கொடுப்பது அறைக்கு. அதைப் பற்றித் துருவித் துருவிக் கேளுங்கள்.

அறை பழைய கட்டடத்திலா, பின்னால் சேர்த்த பகுதியிலா? மும்பை தாஜ் மஹால் பேலஸில் 1903-இல் திறந்த அரண்மனைப் பகுதி ஒன்று, 1970-களில் எழுந்த டவர் இன்னொன்று. பெயர் ஒன்றுதான், தங்கும் அனுபவம் வேறு. குறைந்த கட்டணம் புதுப் பகுதிக்கானதாக இருந்தால், படத்தில் பார்த்த ஜன்னலும் உயரமான கூரையும் உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்தது குளியலறை. பாரிஸில் ரிட்ஸ் ஹோட்டல் 1898-இல் திறந்தபோது அறைக்கு அறை குளியலறை என்பதே பெரிய புதுமை. அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் பிற்பாடுதான் படுக்கையறையின் ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை ஆக்கினார்கள். அதனால்தான் கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கும். உள்ளே போக ஒரு படி ஏற வேண்டியிருக்கும் (பிற்பாடு போட்ட கழிவுநீர்க் குழாய் அந்தப் படிக்கு அடியில் ஓடும்). முட்டி வலி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஒரே வகை, ஒரே கட்டணம் என்றாலும் இரண்டு அறைகள் ஒரே அளவில் இருக்காது. வகையின் பெயரை விடுங்கள், சதுர மீட்டரைக் கேளுங்கள்.

மையப் பகுதி என்றால் சத்தமும் மையத்தில்தான். பாரம்பரியக் கட்டடம் என்று சட்டப் பாதுகாப்பு இருந்தால் பழைய ஜன்னலை மாற்றுவது சுலபமில்லை. உட்புறம் இரண்டாவது கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். முற்றத்தைப் பார்த்த அறை அமைதியானது; ஆனால் கீழ்த்தளம் என்றால் சமையலறைப் புகைபோக்கி விசிறி இரவு வரை இரையலாம்.

என் யோசனை: பழைய கட்டடத்தில், மேல்தளத்தில், ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தில் எடுங்கள். குறைந்த கட்டணத்தில் பெரும்பாலும் ஹோட்டல் ஒதுக்குவதுதான் அறை. அதை எடுப்பதற்குப் பதில், பக்கத்தில் ஒரு புது ஹோட்டலில் வசதியாகத் தங்கிவிட்டு, இங்கே காபிக்கு மட்டும் வரலாம். விசாரிப்பதை மின்னஞ்சலில் விசாரியுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். அப்புறம், வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள். சில நகரங்களில் தலைக்கு, இரவுக்கு என்று ஒரு வரியை வரவேற்பு மேசையில் தனியாக வாங்குவார்கள். முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையை நிறுத்தியும் வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முடங்குவது உங்கள் கணக்கில் உள்ள பணம். கிரெடிட் கார்டு கொடுங்கள்.

கேள்வி: பழைய கட்டடத்தில் அறை என்று உறுதி தந்துவிட்டு, போனதும் வேறு பகுதியில் கொடுத்தால்?

பதில்: பெட்டியைப் பிரிக்காமல் உடனே மேசைக்குத் திரும்புங்கள். மின்னஞ்சலைக் காட்டி, சொன்ன அறையை, இல்லாவிட்டால் கட்டண வித்தியாசத்தைக் கேளுங்கள். முன்பதிவுத் தளத்துக்குப் பணம் கட்டியிருந்தால் அங்கிருந்தபடியே அவர்களுக்கும் புகார் அனுப்புங்கள். ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் சொன்னால் பிடி தளர்ந்துவிடும்.